‘பாசிட்டிவ்’ வந்த குதிரைக்கு நோய் இருக்கிறதா? ரத்த எதிர்ப்பொருள் சோதனைச் சீட்டைப் படிக்கும் முறை

குதிரை வாங்குகிறவர் பல்லைப் பிரித்து வயது பார்ப்பார், குளம்பைத் தட்டிப் பார்ப்பார், சுழி பார்ப்பார். ஓசூர் பக்கம் பெங்களூருக்காரர்களோடு பேரம் பேசும்போது இவற்றோடு ஆய்வகச் சீட்டும் சேர்ந்துகொள்கிறது. பல்லையும் சுழியையும் படிக்கத் தெரிந்தவர்கூட ‘தைலீரியா ஈக்வி – பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரியைக் கண்டால் தடுமாறுகிறார். பாசிட்டிவ் என்றதும் நோய்க் குதிரை என்று கை கழுவுபவர் உண்டு. நெகட்டிவ் என்ற தைரியத்தில் காய்ச்சல் குதிரையை வண்டியில் ஏற்றிப் போகிறவரும் உண்டு.

அந்த வரி சொல்வது ஒன்றைத்தான்: இந்தக் கிருமிக்கு எதிராகக் குதிரையின் உடல் தயாரித்த எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, ரத்தத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி ரசீது மாதிரி அது. வண்டி அந்த வழியாக வந்தது உண்மை. இப்போது எங்கே நிற்கிறது என்பதை ரசீதில் தேட முடியாது. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா, இன்றைய காய்ச்சலுக்கு அதுதான் காரணமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிலை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

குதிரைக்கு ரத்தப் பரிசோதனை என்றாலே பலர் கிளாண்டர்ஸை நினைக்கிறார்கள். அது பாக்டீரியா நோய். அதன் சட்டமும் நடைமுறையும் தனி. இங்கே பேசுவது ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகளான புரோட்டோசோவாக்களைப் பற்றி.

நம் பக்கத்தில் தேட வேண்டியவை

முதலாவது சர்ரா. இதன் கிருமி டிரிப்பனோசோமா எவான்சி. கிரிஃபித் எவான்ஸ் 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் நோயுற்ற குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் இதைக் கண்டார். நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோமாக்களில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இதுவே. ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள்தான் இதைக் கடத்துகின்றன. ஈயின் உடலுக்குள் கிருமி வளர்வதில்லை. ஒரு மாட்டைக் கடித்துக்கொண்டிருக்கும்போது வாலடி வாங்கிய ஈ, வாயில் ஈரம் காயாத ரத்தத்தோடு பக்கத்துக் குதிரையைக் கடித்தால் ஊசி போட்ட மாதிரி கிருமி இறங்கிவிடும். சில நிமிடங்களில் நடந்து முடிகிற வேலை இது. அதனால் தொழுவத்தில் பக்கத்தில் யார் கட்டப்பட்டிருக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. மாடும் எருமையும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இந்தக் கிருமியைச் சுமக்கும். குதிரைக்கோ விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை, கால்களிலும் அடிவயிற்றிலும் நீர்வீக்கம், கொள்ளும் தவிடும் குறையாமல் தின்றும் உடல் வற்றுவது, கடைசியில் பின்னங்கால் தள்ளாட்டம் என்று போகும்.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல், அதாவது பைரோபிளாஸ்மோசிஸ். இதில் இரண்டு கிருமிகள்: தைலீரியா ஈக்வி, பபீசியா கபாலி. இரண்டும் உண்ணி வழியாக வந்து சிவப்பணுவுக்குள் குடியேறுபவை. முதலாவது பழைய நூல்களில் ‘பபீசியா ஈக்வி’ என்றிருக்கும். 1998இல்தான் தைலீரியாவாக மாறியது. பெயரை விட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பபீசியா கபாலி சில ஆண்டுகளில் உடலை விட்டுத் தானாகவே போய்விடலாம். தைலீரியா ஈக்வி ஒருமுறை புகுந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் தங்கும். கொழுகொழுவென்று ஓடியாடும் குதிரைக்குள்ளும் ரத்தத்தில் கொஞ்சமாக அது இருந்துகொண்டே இருக்கும்.

குதிரையின் நரம்பு நோய்க்கு ரத்தச் சோதனை என்று இணையத்தில் தேடினால் ‘ஈ.பி.எம்.’ பற்றிப் பக்கம் பக்கமாக வரும். அதன் முக்கியக் கிருமி சார்கோசிஸ்டிஸ் நியூரோனா. அது பரவ ஒப்போசம் என்ற அமெரிக்க விலங்கின் எச்சம் தேவை. அந்த விலங்கு நம் காட்டில் கிடையாது. ஆனாலும் அந்த நோயின் கதை எதிர்ப்பொருள் சோதனைக்கு நல்ல பாடம். அமெரிக்காவின் பல வட்டாரங்களில் ஏறக்குறைய பாதிக் குதிரைகளுக்கு இந்த எதிர்ப்பொருள் உண்டு. நரம்பு நோய் வருவதோ நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் அங்கே ரத்தத்தை மட்டும் நம்பாமல் தண்டுவட நீரையும் எடுத்து, இரண்டிலும் உள்ள எதிர்ப்பொருள் அளவை ஒப்பிடுகிறார்கள். நம் ஊரில் பின்னங்கால் ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது சர்ராவும் ‘கும்ரி’யும். மாட்டின் வயிற்றறையில் (இரைப்பைக்கு வெளியே) வாழும் செட்டேரியா புழுவின் குட்டிகளைக் கொசு கொண்டுவந்து விட, அவை வழிதவறிக் குதிரையின் தண்டுவடத்துக்குள் போவதுதான் கும்ரி.

மத்திகிரியில் இருக்கும் ஓசூர் கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கப்பட்டதே ராணுவத்துக்குக் குதிரை தயார்படுத்தத்தான். இரண்டு நூற்றாண்டாகக் குதிரையும் மாடும் ஒரே மேய்ச்சலைப் பகிரும் வட்டாரம் இது. உண்ணிக்கும் ஈக்கும் இதைவிட வசதி வேண்டியதில்லை. போதாததற்கு ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பல ஊர்க் குதிரைகள் ஒன்றுகூடுகின்றன. அதற்குப் பிந்தைய மழை மாதங்களில் ஈ பெருகும்.

ரத்தம் எடுப்பதில் கெடுவதே அதிகம்

தவறான முடிவு பெரும்பாலும் ஆய்வகத்தில் பிறப்பதில்லை, தொழுவத்தில் பிறக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஊசியைக் கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கும் முறை தெரிந்திருந்தால் நல்லது. கழுத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில் ஓடும் பெரிய சிரைதான் இடம். கழுத்தின் மேல் பாதியில் குத்துவது வழக்கம். அங்கே சிரைக்கும் தமனிக்கும் நடுவில் ஒரு தசை இருக்கிறது. கீழே போகப் போக அந்தத் தடுப்பு இல்லை. பள்ளத்தின் கீழ்ப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் சிரை கயிறு போல எழும்பும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு 18 அல்லது 20 கேஜ், ஒன்றரை அங்குல ஊசியைச் செலுத்துவார்கள். ஒரு குதிரைக்கு ஒரு ஊசி. இதில் சிக்கனம் கூடவே கூடாது. 2008இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 20 குதிரைகளுக்குத் தைலீரியா ஈக்வி கண்டுபிடிக்கப்பட்டபோது, பரவிய வழி உண்ணி அல்ல, பல குதிரைகளுக்கு மாற்றாமல் பயன்படுத்திய ஊசிதான் என்று தெரியவந்தது. சோதனைக்கு ரத்தம் எடுக்கப் போய் நோயைப் பரப்பிவிட்டு வருவது நடக்கக்கூடியதே.

இரண்டு குழாய் வேண்டும். சிவப்பு மூடிக் குழாயில் 8 முதல் 10 மில்லி. இது உறைந்து சீரம் தரும், எதிர்ப்பொருள் சோதனை இதில்தான். ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயில் 2 முதல் 5 மில்லி, குறிக்கோடு வரை நிரப்பி, குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ரத்தசோகை அளவும், கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனையும் இதிலிருந்து. பல இடங்களில் சிவப்புக் குழாயை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு ‘கிருமி இருக்கிறதா’ என்று கேட்கிறார்கள். அதற்கான ரத்தம் கையில் இருக்காது.

சிவப்புக் குழாயைச் சாய்த்துவைத்து ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். உறையுமுன் ஐஸில் வைத்தால் உறைவு சுருங்காது, சீரம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் எடுத்த ரத்தம் உறையத் தாமதமாகும்; குழாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாலே போதும். தருமபுரிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் கதை தலைகீழ். பைக் பெட்டிக்குள் வைத்த குழாய் மதியத்துக்குள் வெந்து, சிவப்பணு உடைந்து, சீரம் ரோஜா நிறமாகிவிடும். எதிர்ப்பொருளை நிறத்தால் காட்டும் எலைசா சோதனையில் அந்தச் சீரத்தின் நிறத்தை நம்ப முடியாது.

உறைந்தபின் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி, மேலே தெளிந்த சீரத்தை மட்டும் சுத்தமான சிறு குழாய்க்கு மாற்ற வேண்டும். குதிரைச் சீரம் இயல்பாகவே நல்ல மஞ்சள்; மனிதச் சீரத்தைப் பார்த்துப் பழகியவர் காமாலை என்று பயப்படத் தேவையில்லை. நாலைந்து நாளுக்குள் சோதனை என்றால் ஃபிரிட்ஜின் 4 டிகிரி போதும். அதற்கு மேல் மைனஸ் 20 வேண்டும். பிரிக்காத முழு ரத்தத்தை ஒருபோதும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. அதைப் பஸ் பார்சலில் அனுப்புவதும் வேண்டாம். இரவு முழுக்கக் குலுங்கினால் வெயில் செய்த வேலையைப் பயணம் செய்துவிடும். சீரத்தைப் பிரித்து, ஐஸ் பொட்டலத்துக்கும் குழாய்க்கும் நடுவில் துணியோ காகிதமோ வைத்துக் கட்ட வேண்டும்.

அட்டை, கண்ணாடி, தட்டு

சர்ராவுக்குத் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே செய்யக்கூடிய சோதனை ‘கேட்’ என்னும் அட்டைத் திரட்சிச் சோதனை. கொன்று நீலச் சாயமேற்றிய டிரிப்பனோசோமாக்கள் உலர்ந்த தூளாக வரும். கரைசலில் கலக்கினால் நீலத் திரவம். சீரத்தை நாலுக்கு ஒன்றாக நீர்க்கச் செய்து, வெள்ளை அட்டையின் வட்டத்தில் 45 மைக்ரோலிட்டர் நீலத் திரவம், 25 மைக்ரோலிட்டர் சீரம் விட்டுப் பரப்பி, நிமிடத்துக்கு 70 சுற்றில் 5 நிமிடம் சுழற்ற வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் நீலம் திரி திரியாகத் திரண்டு நடுவில் வெளுக்கும், பால் திரிந்த மாதிரி. இல்லாவிட்டால் சீரான நீல மேகம். ஐந்து நிமிடம் தாண்டி, விளிம்பு காயத் தொடங்கியபின் பார்த்தால் இல்லாத திரட்சியும் தெரியும். உடன் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் துளிகளை ஒவ்வொரு முறையும் சேர்த்து ஓட்டாத சோதனை சோதனையே அல்ல.

உண்ணிக் காய்ச்சலுக்கு மூன்று முறைகள் புழங்கின. பழையது நிரப்பிப் பிணைப்புச் சோதனை. எதிர்ப்பொருள் கிருமியோடு சேரும்போது ‘நிரப்பி’ என்ற ரத்தப் புரதத்தைப் பிணைத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது அது. ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தும் ‘இஃபாட்’ இன்னொன்று. சீரத்தை 80 மடங்கு நீர்த்தும் கண்ணாடியில் பலமாக ஒளிர்ந்தால் பாசிட்டிவ். இதைப் படிக்க அனுபவப்பட்ட கண் வேண்டும், ஒருவர் பார்ப்பது போல இன்னொருவர் பார்ப்பதில்லை. மூன்றாவது போட்டி எலைசா. இன்று பன்னாட்டுக் குதிரைப் போக்குவரத்தில் இஃபாட்டும் போட்டி எலைசாவும்தான் நடைமுறை. அமெரிக்கா தன் இறக்குமதிச் சோதனையை 2005இல் நிரப்பிப் பிணைப்பிலிருந்து எலைசாவுக்கு மாற்றிக்கொண்டது.

போட்டி எலைசாவில் பலரும் குழம்பும் இடம் நிறம். சாதாரண எலைசாவில் நிறம் கூடினால் பாசிட்டிவ். இங்கே நிறம் குறைந்தால்தான் பாசிட்டிவ். தட்டுக் குழியின் அடியில் கிருமியின் ஒரு புரதம் ஒட்டியிருக்கும்: தைலீரியாவுக்கு ஈ.எம்.ஏ.-1, பபீசியாவுக்கு ராப்-1. குதிரையின் எதிர்ப்பொருள் முதலில் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், ஆய்வகம் பின்னால் விடும் எதிர்ப்பொருளுக்கு இடமில்லை, நிறம் வராது. கணக்கு இப்படி: நெகட்டிவ் கட்டுப்பாட்டின், அதாவது ஒப்பிடுவதற்காக ஓட்டும் எதிர்ப்பொருள் இல்லாத சீரத்தின், சராசரி நிறச்செறிவு 1.20, நம் குதிரையின் சீரம் 0.42 என்று வைத்துக்கொள்வோம். 0.42ஐ 1.20ஆல் வகுத்தால் 35 சதவீதம். தடுப்பு 65 சதவீதம். எல்லை 40. எனவே பாசிட்டிவ். இன்னொரு குதிரைக்கு 0.76 என்றால் தடுப்பு சுமார் 37. தாளில் நெகட்டிவ் என்று வரும். அதை 5 சதவீதத் தடுப்புக் குதிரையோடு ஒரே தட்டில் வைத்துப் பேசுவது முறையல்ல. எல்லையை ஒட்டிய எண்ணுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மறுசோதனை வேண்டும். அதனால் ஆய்வகத்திடம் ‘பாசிட்டிவ், நெகட்டிவ்’ என்ற சொல்லோடு எண்ணையும் எழுதிக் கேளுங்கள்.

குழியைச் சரியாகக் கழுவாவிட்டால் தங்கிய சாயம் நிறத்தைக் கூட்டும். போட்டி எலைசாவில் அதன் விளைவு பொய் நெகட்டிவ். சாதாரண எலைசாவில் பொய் பாசிட்டிவ். ஒரே பிழை, எதிரெதிர் பொய்.

சோதனை ஏமாற்றும் நேரங்கள்

கிருமி நுழைந்த அன்றே எதிர்ப்பொருள் வந்துவிடாது. ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். காய்ச்சலோ அதற்குள் அடித்துவிடும். அதனால் காய்ச்சலின் முதல் நாளில் எடுத்த சீரம் நெகட்டிவ் என்பதை வைத்து நிம்மதியடைய வழியில்லை. அன்று பார்க்க வேண்டியது கிருமியை. காது நுனியில் குத்தி வரும் துளியைக் கண்ணாடியில் மெல்லிய பூச்சாக இழுத்து, மெத்தனாலில் 5 நிமிடம் நிலைப்படுத்தி, 10 சதவீத கீம்சாவில் 20, 30 நிமிடம் வைத்தால் போதும். நான்கு துகள் சிலுவையாக நின்றால் தைலீரியா. இரண்டு பேரிக்காய் வால்பக்கம் ஒட்டி நின்றால் பபீசியா. சர்ராவுக்குச் சாயம்கூட வேண்டாம். காய்ச்சல் உச்சத்தில் எடுத்த ஈரத் துளியிலேயே சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நெளிவது தெரியும். காய்ச்சல் இறங்கிய நாளில் அதே குதிரையின் துளியில் ஒன்றும் இருக்காது. இந்தக் கிருமி தன் மேலுறைப் புரதத்தை மாற்றி மாற்றி அலை அலையாகப் பெருகுகிறது. ரத்தத்தில் கிருமி தெரியாத நாள்களில் எதிர்ப்பொருள் சோதனைக்குத்தான் மதிப்பு.

குட்டி இன்னொரு பொறி. சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள் குட்டிக்கு வந்துவிடும். நான்கைந்து மாதம் வரை தங்கலாம். மூன்று மாதக் குட்டியின் பாசிட்டிவ், உண்மையில் தாயின் சீட்டு. ஆறு மாதம் கழித்துப் பார்ப்பதே நல்லது.

மருந்துக்குப் பிறகும் குழப்பம் வரும். உண்ணிக் காய்ச்சலுக்கு இமிடோகார்ப் போட்டு அல்லது சர்ராவுக்குக் குவினாபைரமின் போட்டுக் கிருமி போனாலும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சில குதிரைகளில் ஓராண்டுக்கு மேலும் நிற்கும். ‘மருந்து போட்டும் பாசிட்டிவ், மருந்து போலி’ என்ற சண்டைக்கு இடமில்லை. நிரப்பிப் பிணைப்பில் இதற்கு நேர்மாறு: இரண்டு மூன்று மாதத்தில் அளவு இறங்கிவிடும், கிருமி உள்ளேயே இருந்தாலும். நாள்பட்ட தொற்றில் குதிரை அதிகம் தயாரிக்கும் ஒருவகை எதிர்ப்பொருளால் கினியா பன்றியின் நிரப்பியைப் பிணைக்க முடியாததே காரணம். இந்த முறையைக் கைவிட்டதற்கு இது ஒன்றே போதும். கழுதை, கோவேறு கழுதை என்றால் இன்னும் மோசம். அவற்றின் சீரம் பல நேரம் கிருமி இல்லாமலே நிரப்பியைக் கெடுத்துவிடும். பென்னாகரம் வட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகள் சுமந்து ஏறியதைப் படங்களில் பார்த்திருக்கிறோம். அந்த மாதிரிக் கழுதைகளுக்குச் சோதனை என்றால் எலைசாவோ இஃபாட்டோ என்று கேட்டு வாங்க வேண்டும்.

எலைசாவுக்கும் ஓட்டை உண்டு. 2018இல் தைலீரியா ஹேனியி என்ற இனம் பிரித்தறியப்பட்டது. அதனிடம் ஈ.எம்.ஏ.-1 மரபணுவே இல்லை. அந்தப் புரதத்தை நம்பிய தட்டு அதைப் பார்க்காமல் விட்டுவிடும்.

கடைசியாக, யாரும் தாளில் அச்சடிக்காத ஒரு கணக்கு. ஒரு சோதனை தொற்றுள்ள நூற்றில் 96ஐப் பிடிக்கும், தொற்றில்லாத நூற்றில் 96ஐச் சரியாக விடும் என்று கொள்வோம். ஆயிரம் குதிரையில் 400க்குத் தொற்று இருந்தால், 384 உண்மைப் பாசிட்டிவ், 24 பொய்ப் பாசிட்டிவ், சீட்டை நம்பலாம். அதே ஆயிரத்தில் 50க்குத்தான் தொற்று என்றால், 48 உண்மை, 38 பொய். பாசிட்டிவ் வந்ததில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி பொய். சோதனை மாறவில்லை, ஊர்தான் மாறியது. உண்ணி மேயும் காட்டோரக் குதிரையின் பாசிட்டிவ்வையும், கான்கிரீட் லாயத்தில் வளர்ந்த ஒற்றைக் குதிரையின் பாசிட்டிவ்வையும் ஒரே எடையில் வைக்க முடியாது. பின்னதற்கு வேறு முறையில் இன்னொரு சோதனை கட்டாயம்.

என்ன செய்யலாம்

காய்ச்சலும் ரத்தசோகையும் இருந்தால் பூச்சு, ஈ.டி.டி.ஏ. ரத்தத்தில் பி.சி.ஆர்., சீரம் மூன்றும் ஒரே நாளில். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி சீரம். முதல் சீரத்தை உறைய வைத்து, இரண்டையும் ஒரே தட்டில் ஓட்டச் சொல்ல வேண்டும். நீர்த்து அளந்த எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் தொற்று புதிது. அப்படியே நின்றால் பழைய கணக்கு.

நன்றாகத் தின்று நன்றாக ஓடும் குதிரைக்குத் தைலீரியா பாசிட்டிவ் என்றால் உடனே இமிடோகார்ப் என்று பாய்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தைலீரியாவை வேரறுக்கக் கிலோவுக்கு 4 மில்லிகிராம் வீதம் 72 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசி தேவை. அதிலும் வெற்றி உறுதியில்லை. வயிற்றுவலி, எச்சில் ஒழுகல், கழிச்சல் வரும். கழுதைக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெளிநாட்டுக்குப் போகிற குதிரை என்றால் கணக்கு வேறு. உள்ளூர்க் குதிரைக்கு உண்ணியைக் கட்டுப்படுத்தி, நீண்ட பயணம், பந்தயம், குட்டி ஈனும் காலங்களில் காய்ச்சல் பார்த்தால் போதும். அதன் ரத்தத்தை வேறு குதிரைக்கு ஏற்றாமல் இருக்க வேண்டும். சர்ரா அப்படியல்ல. அறிகுறியோடு கூடிய பாசிட்டிவ்வைக் காத்திருந்து பார்ப்பது குதிரையை இழப்பதற்குச் சமம்.

மாதிரியை அனுப்ப முதல் படி உள்ளூர்க் கால்நடை மருந்தகமும் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அடுத்தது. குதிரையினத்துக்கென்றே உள்ள நடுவண் நிறுவனம் ஹிசாரின் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம். எலைசாத் தட்டில் 96 குழி. ஒரு குதிரைக்காகத் தட்டை உடைக்க ஆய்வகம் தயங்கும், மாதிரி சேரும்வரை வைத்திருக்கும். பக்கத்துத் தொழுவங்களோடு சேர்ந்து ஒரே நாளில் அனுப்பினால் முடிவு சீக்கிரம் வரும்.

குழாயோடு போகும் சீட்டில் குதிரையின் வயது, ஊர், காய்ச்சல் தொடங்கிய நாள், ரத்தம் எடுத்த நாள், இதற்கு முன் போட்ட மருந்தும் அதன் தேதியும் இருக்க வேண்டும். இவற்றில் அடிக்கடி விடுபடுவது கடைசியாகச் சொன்ன தேதிதான். அது இல்லாமல் வரும் பாசிட்டிவ்வை ஆய்வகத்தாலும் படிக்க முடியாது.